பெஞ்சில் இருக்கும் மகனைத் திரும்ப அழைக்கலாமா?

வணக்கம் அம்மா,

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் நட்சத்திரமாக இருந்த மகன், முதன்மை லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பெயர் வராமல், அதற்கு அடுத்த நிலையில் உள்ள ஜி லீக் அணி ஒன்றில் சேர்ந்து, இப்போது பாதி ஆட்டங்களில் பெஞ்சை விட்டு எழுவதே இல்லை. பட்டம் முடிக்க இன்னும் ஒரு வருடம் பாக்கி. விசேஷ வீடுகளில் "தம்பி இன்னும் விளையாடிக்கொண்டா இருக்கிறார்?" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. திரும்ப அழைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தப் பருவம் முடியும்வரை அழைக்காதீர்கள்.

நீங்கள் டொரன்டோவை ஒட்டிய மிசிசாகாவில் இருப்பதால் உங்கள் ஊர் அணியையே எடுத்துக்கொள்கிறேன். ஃப்ரெட் வான்வ்லீட்டை 2016 டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. டொரன்டோ ராப்டர்ஸில் சேர்ந்த முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 3 புள்ளிகூட அவர் எடுக்கவில்லை. அதே ஆண்டு 27ஆவது தேர்வாக வந்த பாஸ்கல் சியாகம், தொடக்கத்தில் முதல் ஐவரில் ஆடினார். பிறகு அந்த இடம் பறிபோய், மிசிசாகாவில் ஆடும், ராப்டர்ஸின் கீழ்நிலை அணியான ராப்டர்ஸ் 905க்கு அனுப்பப்பட்டார். அன்று அதைப் பதவியிறக்கம் என்றுதான் பலரும் சொல்லியிருப்பார்கள். 2017இல் 905 அணி கோப்பையை வென்றது. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் சியாகம். 2019இல் ராப்டர்ஸ் என்.பி.ஏ. பட்டம் வென்றபோது இருவரும் களத்தில் இருந்தார்கள்.

கல்லூரியில் ஜொலித்தவன் இங்கே ஏன் தடுமாறுகிறான்? ஆட்டம் 40 நிமிடத்திலிருந்து 48 ஆகிறது. பந்தை எறிய 30 விநாடிக்குப் பதில் 24. மூன்று புள்ளிக் கோடு கல்லூரிக் கோட்டைவிடச் சுமார் ஒன்றரை அடி தள்ளி இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் உடம்பு பழகிவிடும். தலை பழகத்தான் நாளாகும்.

அடுத்த ஆட்டத்தில் ஒன்றைக் கவனியுங்கள். எதிரணி ஆள் பந்தோடு வருவார். அவருடைய உயரமான தோழர் குறுக்கே வந்து சுவர்போல் நிற்பார். அந்தச் சுவருக்கு முன்புறமாக நுழைந்து ஆளை ஒட்டியே போவதா, பின்புறமாகச் சுற்றிப்போய் மறித்துக்கொள்வதா என்று உங்கள் மகன் முடிவெடுக்க வேண்டும். வந்தவர் தூரத்திலிருந்து குறி தவறாதவர் என்றால் ஒரு பதில், கூடை நோக்கிப் பாய்பவர் என்றால் வேறு பதில். அரை விநாடி தயங்கினால் எதிராளி தனியாக நின்று எறிவார். பதறிப்போய் இடித்தால் ஃபவுல். பயிற்சியாளர் தம்பியை வெளியே எடுப்பது பெரும்பாலும் இந்த அரை விநாடிக்காகத்தான். அது புள்ளி விவரப் பட்டியலில் தெரியாது.

ஆகவே ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் கைப்பேசியில் அவன் எடுத்த புள்ளிகளைத் தேடுவதை நிறுத்துங்கள். நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்க்கும் வேலை அது. 2013 டிராஃப்டில் 15ஆவதாக வந்த யானிஸ் ஆண்டெடோகூன்போ, மில்வாக்கியில் முதல் பருவத்தில் எடுத்த சராசரி 6.8 புள்ளி. அந்த ஆண்டு அந்த அணி வென்றது 15 ஆட்டம், தோற்றது 67. 2019இல் அவர் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 2021இல் மில்வாக்கிக்குப் பட்டம். அதே 2013இல் முதல் தேர்வாக வந்த ஆண்டனி பென்னட், டொரன்டோவில் பிறந்தவர். ஒரே வருடத்தில் வேறு அணிக்கு மாற்றப்பட்டார்.

பொறுமை மட்டும் இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2003இல் டெட்ராய்ட் அணி இரண்டாவது தேர்வாக எடுத்த டார்கோ மிலிசிச், பட்டம் வெல்லும் வலுவுள்ள அணியில் மாட்டிக்கொண்டார். ஆடவே வாய்ப்பில்லை. 2006இல் அவரை அனுப்பிவிட்டார்கள். காத்திருந்தார், ஆனால் வளரவில்லை. பெஞ்சில் இருப்பது வேறு, மறக்கப்படுவது வேறு. உங்கள் மகன் இவற்றில் எதில் இருக்கிறான் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குத் தம்பியிடம் சில கேள்விகள் கேளுங்கள், விசாரணை போல அல்லாமல். பயிற்சி முடிந்த பிறகும் உன்னோடு நின்று வேலை செய்யும் உதவிப் பயிற்சியாளர் யார்? ஆட்ட வீடியோவை உன்னோடு உட்கார்ந்து பார்க்கிறார்களா? இந்த மாதம் திருத்தச் சொன்னது எது? அவன் சட்டென்று பெயரும் விவரமும் சொன்னால் நிம்மதியாக இருங்கள். யோசித்து, மழுப்பினால், அணியை மாற்றுவது பற்றி ஏஜெண்டிடம் பேச வேண்டிய நேரம் அது. ஆட்டத்தையே விடச் சொல்லும் நேரம் இன்னும் வரவில்லை.

எவ்வளவு காலம் என்பதற்கு நான் சொல்லும் கணக்கு இரண்டு பருவம். என்.பி.ஏ.வில் முதல் சுற்றுத் தேர்வுகளுக்கே முழு உறுதியுள்ள ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்குத்தான். அடுத்த இரண்டும் அணியின் விருப்பம். கோடிகள் கொட்டும் அவர்களே அவ்வளவு பொறுக்கும்போது, நாம் ஆறு மாதத்தில் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. ஆனால் ஜி லீக் சம்பளம் குடும்பம் நடத்தப் போதாது என்பதும் உண்மை. எனவே கோடை விடுமுறையில் ஒன்றிரண்டு பாடமாவது இணையவழி எழுதச் சொல்லுங்கள். பல்கலைக்கழகப் பதிவு காலாவதியாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பயிற்சியாளரிடம் நீங்களோ ஐயாவோ பேசலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். பள்ளிக்கூடத்தோடு அது முடிந்துவிட்டது. அம்மா தொலைபேசியில் அழைத்தார் என்ற செய்தி உடைமாற்றும் அறைக்கு எட்டினால் அவனுக்குத்தான் அவமானம். பருவம் முடிந்ததும் அணி நிர்வாகம் ஒவ்வோர் ஆட்டக்காரரையும் தனியே அழைத்துப் பேசும். அங்கே சொல்லப்படுவதை அன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பை எனக்கு அனுப்பினால், செப்டம்பரில் அவன் போவது கல்லூரிக்கா, அணியின் பயிற்சி முகாமுக்கா என்பதை மூவரும் சேர்ந்து பேசலாம்.