பதிவான பேச்சும் பழைய நினைவும்

கேள்வி: அன்றாடம் வீட்டிலும் அலுவலகத்திலும் பேசுவதை ஒலிப்பதிவு செய்து வைத்தால், நடந்தவற்றைப் பின்னாளில் சரியாக நினைவுகூர முடியுமா? பதிவையே நம்பிப் பழகினால் நினைவாற்றல் மங்கிவிடாதா?

பதில்: ஓர் உரையாடலின் சாரம் நம் மனத்தில் தங்கும் அளவுக்கு அதன் சொற்கள் தங்குவதில்லை, ஒலிப்பதிவு கைகொடுப்பது அங்கேதான். அமெரிக்க அதிபர் நிக்சனின் சட்ட ஆலோசகராக இருந்த ஜான் டீன், 1972 செப்டம்பர் 15 அன்று அதிபருடன் பேசியவற்றை, 1973இல் வாட்டர்கேட் விவகாரத்தை (எதிர்க்கட்சி அலுவலகத்தில் அதிபரின் ஆட்கள் அத்துமீறி நுழைந்ததையும் அது மூடிமறைக்கப்பட்டதையும்) விசாரித்த செனட் குழுவின் முன் விரிவாக எடுத்துரைத்தார். அதே பேச்சு அதிபரின் அலுவலகத்தில் இரகசியமாகப் பதிவாகியிருந்தது பின்னர் வெளிவந்தது. உளவியலாளர் அல்ரிக் நைசர் 1981இல் இரண்டையும் ஒப்பிட்டு, டீன் சொன்ன வாக்கியங்கள் பல ஒலிநாடாவில் இல்லை என்றும், தமது பங்கை அவர் சற்றுப் பெரிதாக்கியிருந்தார் என்றும் காட்டினார். ஆயினும், மூடிமறைக்கும் முயற்சியை அதிபர் அறிந்திருந்தார் என்ற அடிப்படைச் செய்தியில் டீன் தவறவில்லை. விசாரணைக் குழுவின் முன் உறுதியுடன் பேசியவருக்கே இந்த நிலை என்றால், குடும்பத்தில் 'நீ அப்படித்தான் சொன்னாய்' என்று எழும் வழக்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பதிவின் மற்றொரு பயன், அது தூண்டுகோலாக அமைவது. ஒரு நிகழ்ச்சி மனத்தில் பதிந்த சூழலின் கூறுகள் மீண்டும் எதிர்ப்படும்போது நினைவு எளிதில் மீள்கிறது என்பது உளவியலாளர் எண்டெல் டல்விங் முதலியோரின் ஆய்வுகள் நிறுவிய கருத்து. ஆகவே, ஒருவரின் குரலையும் பின்னணி ஓசையையும் சில நொடிகள் கேட்பதே, நாடாவில் பதியாத முகபாவத்தையும் அமர்ந்திருந்த இடத்தையும்கூட மனத்துக்குக் கொண்டுவரக்கூடும்.

ஆனால், ஒரு மணி நேரப் பேச்சை முழுவதும் கேட்க ஒரு மணி நேரம் வேண்டும் என்பதால், நாள், இடம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வைக்காத பதிவுகள் பெரும்பாலும் வீணாகவே கிடக்கும். கணினி எழுத்தாக்கித் தரும் பிரதியில் பிழைகள் மலிந்திருந்தாலும், தேடும் பகுதியை அடைய அதுவே போதும்.

நினைவாற்றல் மங்குமோ என்ற அச்சத்துக்கு எளிய மருந்து உண்டு: நினைவில் இருப்பதை முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகே பதிவைக் கேளுங்கள். முயன்று நினைவுகூர்வதே நினைவை வலுப்படுத்தும். விருப்பமான துண்டுகளையே திரும்பத் திரும்பக் கேட்பதைத் தவிருங்கள். கேட்டவை ஊன்றிவிட, அதே நாளின் மற்றவை பின்தங்கிப்போக இடமுண்டு.

உடன் பேசுவோரின் ஒப்புதல் இன்றிப் பதிவு செய்வது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். குற்றமாகாத இடத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் பகுதியை மறுப்பின்றி அழித்துவிடுங்கள்.