பாட்டிக்கு இன்ஸ்டாகிராம் கிடையாதே தம்பி

வணக்கம் அக்கா,

நான் கோலாலம்பூர் பக்கம் செராஸ்ல இருக்கேன், பி.ஜே.ல (பெட்டாலிங் ஜெயா) ஒரு விளம்பரக் கம்பெனியில டிசைனர், வயசு 27. வேலைன்னா பெருசா ஒண்ணுமில்ல, மத்தவங்க மலாய்லயும் இங்கிலீஷ்லயும் முடிச்ச விளம்பரத்த தமிழுக்கு மாத்தி, கேக்கற சைஸ்ல எல்லாம் வெட்டிக் குடுக்கறது. தீபாவளி வந்தாத்தான் என் பேரே மத்த டீமுக்கு ஞாபகம் வரும். ராத்திரியில என் பாட்டி கதைய காமிக்ஸா வரையறேன். கோலசிலாங்கூர் பக்கம் எஸ்டேட்ல ரப்பர் மரத்துல பால் வெட்டினவங்க, இப்ப காப்பார்ல அத்தை வீட்டுல இருக்காங்க. பேரு வச்சு, லோகோ போட்டு, இன்ஸ்டாகிராம் பக்கம் திறந்து ஒரு வருசத்துக்கு மேல ஆயிருச்சு, நாலு பக்கம்தான் முடிஞ்சிருக்கு, ஃபாலோவர்ஸும் ஏறல. வேலைய விட்டுட்டு முழுசா இறங்கினாத்தான் இது நடக்கும்னு தோணுது, விடலாமா? தமிழ் எழுத்து பேச்சு பலூனுக்குள்ள ஒடைஞ்சு ஒடைஞ்சு வருது, அதுக்கு என்ன வழி? அப்புறம் ஆபீஸ் லேப்டாப்லதான் வரையறேன், நாளைக்கு கம்பெனி வந்து இது எங்களுதுன்னு சொல்ல முடியுமா? நாலு பக்கத்தையும் இணைச்சிருக்கேன். பேரு போட வேண்டாம்.

— செராஸ்லேர்ந்து ஒரு வாசகர்

தம்பி,

அக்கான்னு கூப்பிட்டுட்ட, அதனால நீன்னே எழுதறேன், கோவிச்சுக்காத.

வேலைய விடாத. உங்க வீட்டுல சொல்ற காரணத்த நான் சொல்லப் போறதில்ல, ஈ.பி.எஃப் சேமிப்பு, கார் கடன் அதெல்லாம் நீயே கணக்கு போட்டிருப்ப. நேரம் கெடைச்சா அஞ்சாவது பக்கம் தானா வந்துரும்னு நெனைக்கற பாரு, அங்கதான் எனக்கு சந்தேகம். நான் சம்பளத்த விட்டு ஃப்ரீலான்ஸ் வந்த ஆளு, செந்தூல்ல வீட்டு முன் ரூம்ல மேசை போட்டு உக்காந்திருக்கேன், தலைக்கு மேல மேனேஜர் யாரும் இல்ல, அதுக்கு பதிலா கிளையன்ட் ஒவ்வொருத்தரும் ஒரு மேனேஜர், ராத்திரி பத்து மணிக்கு வாய்ஸ் மெசேஜ் வரும், லோகோ கொஞ்சம் பெருசு பண்ண முடியுமா, காலையில வேணும், சாரிம்மா. வேலைய முடிச்சு இன்வாய்ஸ் அனுப்பி காசு கைக்கு வர்ற வரைக்கும் ஃபோன் அடிக்கறது இருக்கே, அதுக்கு தனியா ஒரு ஆள் வைக்கலாம். சொந்தப் படம் வரைய எனக்கு இப்ப கெடைக்கற நேரம் சம்பளத்துல இருந்தப்ப கெடைச்சதவிட கம்மிதான்.

யாஸ்மின் அஹ்மாட் பேர கேட்டிருப்ப. கோலாலம்பூர் லியோ பெர்னட் விளம்பர ஏஜென்சியில எக்ஸிகியூட்டிவ் கிரியேட்டிவ் டைரக்டர், நம்ம எல்லாரும் டிவி முன்னால கண்ணைத் தொடைச்சுக்கிட்டு பார்த்த பெட்ரோனாஸ் பெருநாள் விளம்பரங்கள எடுத்தவங்க. 2003லேர்ந்து 2009க்குள்ள ஆறு படம் பண்ணினாங்க, 2009 ஜூலையில இறக்கற வரைக்கும் ஏஜென்சிய விடல. கடைசிப் படத்துல காது கேக்காத தமிழ்ப் பையன் ஒருத்தன் வருவான், அவன் வீட்டுக்குள்ள போயி அந்தக் குடும்பத்த அப்படி காட்ட முடிஞ்சதுன்னா, ரெண்டு மூணு நிமிச விளம்பரத்துல ஒரு குடும்பத்தையே நம்ப வைக்கற பழக்கம் அதுல இல்லாமலா இருக்கும்? கார்ட்டூனிஸ்ட் லாட்டும் அப்படித்தான், பத்திரிகையில வேலைக்கு சேர்ந்தது கிரைம் ரிப்போர்ட்டரா, கொலை கொள்ளை நியூஸ் எழுதிக்கிட்டேதான் கார்ட்டூன் போட்டாரு. அவர் பேர நாடு பூரா கொண்டு போன புத்தகம் 1979ல வந்துச்சு, பத்திரிகை வேலைய விட்டு சுயமா வந்தது 1984ல. பெரிய ஆளுங்கள காட்டி சின்னப் பையன மெரட்டறது நியாயமில்லதான், இருந்தாலும் இந்த ஊர்ல இந்தத் தொழில்ல நடந்தது இது.

இன்னொண்ணு, தமிழுக்கு மாத்தி வெட்டிக் குடுக்கறதுன்னு உன் வேலைய ரொம்ப மட்டமா எழுதியிருக்க. உன் ரெண்டாவது பக்கத்துல அந்த சின்ன கட்டத்துக்குள்ள மூணு பேர் பேசறாங்க, மூணு பலூனும் ஒண்ண ஒண்ணு இடிக்காம, யார் முதல்ல பேசறாங்கன்னு கண்ணு தானா போகுது. அது எங்கேர்ந்து வந்துச்சு? நீளமான தமிழ் வாக்கியத்த பஸ் பின்னால ஒரு சைஸ், ஃபோனுக்கு ஒரு சைஸ்னு அடக்கி அடக்கி பழகின கைதான் அது. அந்தக் கைக்கு கம்பெனி காசு குடுத்து பயிற்சி குடுக்குது, நல்லதுதானே.

நேரம் பத்தலன்னா முதல்ல ஆபீஸ்லேர்ந்து நேரத்த மீட்டெடு. 2023 ஜனவரிலேர்ந்து சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான், மாசச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்குள்ளன்னா அந்த 45 மணி நேரத்துக்கு மேல செய்யறதுக்கு ஓவர்டைம் காசு குடுக்கணும். ஏஜென்சியில இதக் கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க, பாக்கட்டும் லா.

இப்ப உன் மூணாவது பக்கத்துக்கு வர்றேன், இதுக்குத்தான் பதிலே எழுதறேன்.

பாட்டி மரத்துகிட்ட நிக்கறாங்க, கையில உளி, தலைக்கு மேல உச்சி வெயில், நெத்தியில வேர்வை. படமா பார்த்தா அழகா இருக்கு, அந்த மஞ்சள் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. எங்கம்மாவும் பால் வெட்டினவங்க, ஃபோன்ல காட்டினேன், பார்த்த உடனே இந்நேரத்துல என்னத்த வெட்டுறாங்கன்னு கேட்டாங்க. பால் வெட்டு விடியறதுக்கு முன்னாடி, இருட்டுலயே தொடங்கும், நெத்தியில வெளக்கக் கட்டிக்கிட்டு. காத்து குளுமையா இருக்கற நேரத்துலதான் மரத்துக்குள்ள அழுத்தம் அதிகமா இருக்கும், பால் நல்லா இறங்கும், வெயில் ஏற ஏற கொறைஞ்சுரும். வெயில்ல நடக்கற வேலை பால் எடுக்கறது, மங்குல சேர்ந்த பால வாளியில ஊத்தி, தோள்ல காண்டா கம்பு வச்சு ரெண்டு பக்கமும் வாளி தொங்க ஸ்டோருக்கு தூக்கிட்டுப் போறது. நீ வரைஞ்ச வேர்வை அங்க வரணும். வெட்டுக் கோட்டையும் பாரு, வலது பக்கம் மேலேர்ந்து இடது பக்கம் கீழ இறக்கியிருக்க. இடது மேல, வலது கீழன்னு சரிஞ்சு வரணும், பட்டைக்குள்ள பால் ஓடற குழாய்ங்க நேரா ஏறாம கொஞ்சம் சாய்ஞ்சு போறதால அப்படி வெட்டினாத்தான் நெறைய குழாய் அறுபடும். பட்டைய மெல்லிசா சீவணும், உளி ஆழமா இறங்கி மரத்த தொட்டுச்சுன்னா மரத்துக்குக் காயம், வெட்டினவங்களுக்கு கங்காணிகிட்ட திட்டு.

இது எங்கம்மாவுக்குத் தெரியும்னா உன் பாட்டிக்குத் தெரியாதா? காப்பாருக்கும் செராஸுக்கும் என்ன தூரம்? நாலு பக்கத்தையும் பாட்டிகிட்ட காட்டினியான்னு தேடிப் பார்த்தேன், கடிதத்துல ஒரு வரி கூட இல்ல. ஃபாலோவர்ஸ் பத்தி இருக்கு, லோகோ பத்தி இருக்கு. யாருன்னே தெரியாத ஆளுங்களுக்காக ஒரு வருசமா கடை தொறந்து வச்சிருக்க, கதைக்குச் சொந்தக்காரங்க அத்தை வீட்டுல உக்காந்திருக்காங்க, அவங்களுக்கு இன்ஸ்டாகிராம் கிடையாது.

நீ நாலு பக்கத்துல நின்னதுக்கு காரணம் எனக்கு இதுதான்னு படுது. இத எதிர்பாத்து யாரும் காத்திருக்கல. ஆபீஸ் வேலை ஏன் முடியுது? கிளையன்ட் வேலைய பாக்கற அக்கவுன்ட் ஆளு மேசைக்கு முன்னால வந்து நிக்கறாரு, அதனால முடியுது. சொந்த வேலைக்கும் அப்படி ஒரு ஆள் வேணும், ஒரே ஒரு ஆள் போதும், ஆனா மூஞ்சி தெரிஞ்ச ஆளா இருக்கணும். நான் மாசாமாசம் செந்தூல் ஆளுங்கள வரைஞ்சு ஒரு தாள் போடறேன், முடி வெட்டற அண்ணன், எல்.ஆர்.டி. ரயில்ல தூங்கற செக்யூரிட்டி, இந்த மாதிரி. கோயில் பக்கத்துல பூ கட்டற அக்காவுக்கு ஒண்ணு குடுப்பேன். மாசம் பொறந்து ரெண்டு நாள் ஆயிருச்சுன்னா என்னம்மா இந்த மாசம் பேப்பர் வரலயான்னு கேட்டுருவாங்க, பூ வாங்கப் போறதுக்கே வெக்கமாயிருக்கும், அன்னைக்கு ராத்திரியே உக்காந்து முடிச்சுருவேன். நெட்டுல போட்டா ஆளுங்க பாக்கறாங்கதான், ஆனா அங்க நான் ஒரு மாசம் நிறுத்தினா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

அதனால இன்ஸ்டாகிராம் பக்கத்த மூடச் சொல்லல, அது பாட்டுக்குக் கெடக்கட்டும். ஒவ்வொரு பக்கமும் முடிஞ்ச உடனே ஏ3ல பெருசா பிரின்ட் எடுத்துட்டு காப்பாருக்கு போ. பாட்டிக்கு கண்ணு எப்படி, படிக்க வருமான்னு நீ எழுதல, வராட்டி நீ படிச்சுக் காட்டு, அப்பதான் நான் எங்கடா இப்படியெல்லாம் பேசினேன்னு கேப்பாங்க, அவங்க சொல்றத அங்கயே பென்சில்ல எழுதிக்க. ஃபோன்ல ரெக்கார்டர ஓட விட்டுரு, அவங்ககிட்ட சொல்லிட்டு. கஷ்டப்பட்டீங்களா பாட்டின்னு மட்டும் கேட்டுராத, ஆமாய்யா ரொம்ப கஷ்டம்னு சொல்லி முடிச்சுருவாங்க. வேலைக்கு ஆளுங்கள கூட்டற பெரட்டுல பேரு கூப்பிடறப்ப எங்க நிப்பீங்க, வாளிய எதால கழுவுவீங்க, மங்குல காஞ்சு ஒட்டிக்கற ஒட்டுப்பால எங்க போட்டு வைப்பீங்க, மழை பேஞ்சா அன்னைக்கு சம்பளம் உண்டா, எஸ்டேட் கிளார்க் கிராணி யாரு பக்கம் நல்லவரா இருந்தாரு, இப்படிக் கேளு. கடைசிக் கேள்விக்கு வர்ற பதில்ல இருக்கற பேருங்கள காமிக்ஸ்ல மாத்திரு, அவங்க பேரப்புள்ளைங்க கிள்ளான்ல உன் பக்கத்து டேபிள்ல ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க.

மத்தவங்களுக்குக் குடுக்கணும்னா ஏ3 தாள் ஒண்ண மூணு மடிப்பு மடிச்சு, பிரிச்சு, நடுவுல ஒரு வெட்டு போட்டா எட்டு பக்கம் ஏ6 புத்தகம், ஸ்டேப்ளர் பின் கூட வேண்டாம், ஃபோட்டோஸ்டாட் கடையில முடிஞ்சுரும். ரிசோன்னு ஒரு பிரின்டிங் மெஷின் இருக்கு, அதுல அடிச்சா அழகுதான், ஆனா ஒவ்வொரு கலருக்கும் ஒரு டிரம் மாத்தணும், நீ அந்த மஞ்சள தேட ஆரம்பிச்சா இன்னும் ஒரு வருசம் போயிரும். பிறகு பாக்கலாம்.

எழுத்து ஒடையறதுக்கு வர்றேன். கொ, கோ எல்லாம் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமா பிரிஞ்சு நிக்குதுன்னா ஃபான்ட் மேல தப்பு இருக்காது, சாஃப்ட்வேர் தமிழ அடுக்கத் தெரியாத கம்போசர்ல ஓடுது. இல்லஸ்ட்ரேட்டர்ல ப்ரெஃபரன்சஸ், டைப் போயி இன்டிக் ஆப்ஷன்ஸ ஆன் பண்ணு, பிறகு பாராகிராஃப் பேனல் மெனுவுல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் கம்போசர தேர்ந்தெடு. இன்டிசைன்ல வேர்ல்ட் ரெடி கம்போசர். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ணி ஒட்டாத, யூனிகோட்லயே அடி. பிரின்டுக்கு அனுப்பறதுக்கு முன்னால எழுத்த அவுட்லைன் பண்ணி படமா மாத்து, அவுட்லைன் பண்ணினதுக்கு அப்புறமும் ஒரு தடவ படி, புள்ளி எங்கயாவது பறந்திருக்கும். 1985லயே நம்ம முத்து நெடுமாறன் தமிழ் அடிக்கற முரசு மென்பொருள தொடங்கிட்டாரு, மெக்ல இருக்கற இணைமதி கூட அவர் செஞ்ச எழுத்துதான், இவ்வளவுக்கு அப்புறமும் கோலாலம்பூர்ல பேனர்ல தமிழ் பிரிஞ்சு தொங்கறத பாக்கறப்ப எரிச்சலா வருது, அது தனிக் கதை.

ஆனா என்னைக் கேட்டா பலூன்ல ஃபான்ட்டே வேண்டாம், கையால எழுது. உன் கையெழுத்து கோணலா இருந்தாலும் பரவால்ல, பாட்டி பேச்சுக்கு கம்ப்யூட்டர் எழுத்து போட்டா தீபாவளி வாழ்த்து மாதிரி தெரியுது. வார்த்தை நீளம்னு பலூன பெருசாக்காத, பேச்சு மொழியில எழுது, போய்க்கொண்டிருக்கிறார்கள்னு எழுதற எடத்துல போறாங்க போதும், பாதி எடம் மிச்சம்.

கம்பெனி கேக்க முடியுமான்னா, 1987 பதிப்புரிமைச் சட்டத்துல 26வது பிரிவ பாரு. வேலையின் பகுதியா செஞ்சது முதலாளிக்குப் போகும், வேற மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தா ஒழிய. பாட்டி கதைய ராத்திரியில வரையறது உன் வேலையில்ல, அதனால சாதாரணமா அது உன்னோடதுதான். ஆனா ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் லைசென்ஸ்னா நாளைக்கு ஒரு சண்டை வந்தா அவங்க பேச ஒரு நூல் கெடைக்குது, அதுக்கும் மேல சில கம்பெனி ஆஃபர் லெட்டர்லயே வேலையில இருக்கற காலத்துல நீ செய்யற எல்லாம் எங்களுதுன்னு ஒரு வரி போட்டிருப்பாங்க. லெட்டர எடுத்துப் படி, அப்படி இருந்தா ஹெச்.ஆர். கிட்ட முன்னாடியே எழுத்துல ஒரு வார்த்தை வாங்கி வச்சுக்க. அதே பிரிவுப்படி வெளியாள் ஒருத்தர் காசு குடுத்து செய்யச் சொன்ன வேலையும் அவருக்குத்தான் போகும், வேற மாதிரி எழுதி வச்சுக்காட்டி. ஃப்ரீலான்ஸ் வந்த பாதிப் பேருக்கு இது தெரியறதில்ல, வேலைய விடணும்னு துடிக்கற உனக்கு இதுவும் ஒரு தகவல். காமிக்ஸ விக்க ஆரம்பிச்சா வியாபாரம் பதியற எஸ்.எஸ்.எம்.ல பதியணும், கடைப் பேருன்னா வருசத்துக்கு 60 ரிங்கிட், சொந்தப் பேர்லயே செஞ்சா 30.

லேப்டாப்ப மட்டும் இந்த மாசமே மாத்து. புதுசு வேண்டாம், லோ யாட் கம்ப்யூட்டர் மால்ல ரெண்டு மூணு மாடி ஏறி இறங்கினா நல்ல செகண்ட்ஹேண்ட் கெடைக்கும், ஸ்க்ரீன்ல கலர் சரியா இருக்கான்னு உன் மூணாவது பக்கத்தையே திறந்து பாரு, பேட்டரி எவ்வளவு தாங்குதுன்னு கடையிலயே உக்காந்து பாத்துட்டு காசு குடு. வீட்டுக்கு வந்து ஃபைல எல்லாம் இதுக்கு மாத்தினதும் ஆபீஸ் லேப்டாப்ல உன் சொந்த கிளவுட் அக்கவுன்ட்ட லாக் அவுட் பண்ணிரு.