குவயர் பையன்கள் ஊர் சுற்றினால்...

போன இதழில் ஆண்கள் மட்டும் பாடும் கல்லூரிக் குவயர்களை, அதாவது பாடகர் குழுக்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை எல்லாக் கேள்விகளும் அதைப் பற்றியே இருக்கட்டும். சினிமாப் பாட்டு ராகம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் அமெரிக்காவில் கல்லூரி முதலாண்டு படிக்கிறான். ஆண்கள் குவயரில் சேர்ந்திருக்கிறான். மார்ச் விடுமுறையில் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்ப் பாடப்போகிறார்களாம். முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் தங்குவார்களாம். இது கச்சேரியா, சுற்றுலாவா? படிப்பு கெடாதா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

முக்கால் பங்கு கச்சேரி, கால் பங்கு சுற்றுலா. விடுமுறையில் போவதால் வகுப்பு எதுவும் போகாது, கவலைப்படாதீர்கள்.

இப்படிப்பட்ட பயணத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் பஸ் ஏறுவார்கள். வழியில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் அரை மணி நேரம் பாட்டு இருக்கலாம். சாயங்காலம் கச்சேரி நடக்கும் தேவாலயத்துக்குப் போய், பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, முதல் வேலையாக மேடையேறி நிற்பார்கள். யார் எங்கே நிற்பது, சத்தம் எங்கே முட்டித் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். இரவு கச்சேரி முடிந்ததும் அந்த ஊர்ப் பழைய மாணவர்களும் சபையாரும் ஆளுக்கு இரண்டு மூன்று பையன்களாக வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். நம் ஊர் கன்வென்ஷனுக்கு வருகிற பிரசங்கியாரைச் சபையார் வீட்டில் தங்கவைப்போமே, அந்த மாதிரிதான். யார் வீட்டில் யார் என்று முதலிலேயே பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள்.

இதில் பாட்டுக்கு என்ன லாபம்? கட்டடந்தான் லாபம். உயரமான கல் கோயிலில் ஒரு ஸ்வரத்தை நிறுத்திய பிறகும் அது மேலே சில விநாடி நின்றுகொண்டிருக்கும். அங்கே வேகமாகப் பாடினால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிப்போகும். மறுநாள் தரையில் கம்பளம், ஜன்னலில் திரை போட்ட ஒரு ஹால். அது சத்தத்தை அப்படியே விழுங்கிவிடும். பக்கத்தில் நிற்கிறவன் குரல்கூடக் காதில் விழாது, ஒவ்வொருவனும் தனியாகப் பாடுவதுபோல் பயந்துபோய்க் கத்த ஆரம்பிப்பான். அதே பாட்டை இரண்டு இடத்திலும் பாட வேண்டும் என்றால் கண் தாளைவிட்டு, முன்னால் நின்று குவயரை நடத்தும் கண்டக்டர் கைக்குப் போயே தீர வேண்டும். கல்லூரியில் ஒரே அறையில் வருஷக்கணக்காக ஒத்திகை பார்த்தாலும் இது வராது. பயணம் முடிந்து வரும் குவயரையும் புறப்பட்ட குவயரையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. 1921 கோடையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்கள் குவயரான கிளீ கிளப் பையன்கள் ஐரோப்பாவுக்குப் பாடப் போனார்கள். கூடப் போனவர்களில் வர்ஜில் தாம்ஸன் என்று ஒருவர் குழுவோடு ஊர் திரும்பவில்லை. பாரிஸில் ஒரு வருஷம் தங்கி நாதியா பூலான்ஷே என்ற ஆசிரியையிடம் இசை படித்தார். படிப்பை முடிக்க ஹார்வர்டுக்கு வந்தார், 1925இல் மறுபடியும் பாரிஸுக்கே போய்ப் பதினைந்து வருஷம் இருந்துவிட்டார். பிறகு அமெரிக்காவில் பெரிய இசையமைப்பாளர், அதைவிடப் பெரிய விமர்சகர். 1949இல் புலிட்சர் பரிசும் வாங்கினார். உங்கள் மகன் திரும்பி வந்துவிடுவான். ஒருவேளை பாட்டே படிக்கிறேன் என்று சொன்னால் என்மேல் கோபப்படாதீர்கள்.

பெண் குரலே இல்லாமல் எப்படி நன்றாக இருக்கும்? எல்லாரும் ஒரே தடித்த குரலில் பாடுவது சலிக்காதா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

எல்லாரும் ஒரே குரலில் பாடினால் சலிக்கும்தான். ஆனால் அவர்கள் உச்சத்திலிருந்து கீழ்வரை நாலாகப் பிரிந்து பாடுகிறார்கள்: முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிடோன், பேஸ். நம் சபைக் குவயரில் பெண்களின் உச்சக் குரலான சோப்ரானோவுக்கும் பேஸுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. ஆண்கள் மட்டும் என்றால் நாலு குரலும் நெருங்கி நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நெருக்கத்தில்தான் அழகும் ஆபத்தும். சுருதி சுத்தமாக இருந்தால் மொத்தமும் ஒரே கருவி மாதிரி ஒலிக்கும். ஒருவன் ஒரு நூல் இறங்கினாலும் உடனே அசிங்கமாகத் தெரியும், ஒளிந்துகொள்ள இடமே இல்லை. நான் பேஸ் பாடியவன், அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்தக் குழுக்கள் பிறந்தபோது அந்தக் கல்லூரிகளில் ஆண்கள் மட்டுமே படித்தார்கள். ஹார்வர்டு குழு 1858இல் தொடங்கியது. யேல் பல்கலைக்கழகம் 1969இல் இளநிலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்தது, அதையொட்டி அங்கே குவயரும் கலப்புக் குவயர் ஆகிவிட்டது.

சுற்றுப்பயணம் போன இடத்தில் யாராவது இவர்களுக்காகப் புதுப் பாட்டு எழுதிக் கொடுத்தது உண்டா?
– ஒரு வாசகர், மதுரை

உண்டு. அதில் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

மறுபடியும் 1921 ஹார்வர்டு பயணம்தான். பிரெஞ்சு அரசின் அழைப்பு அது. முதல் உலகப் போர் முடிந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை இந்தக் குழு பாஞ்சோ, மாண்டலின் குழுக்களோடு சேர்ந்து கல்லூரிப் பாட்டு, கால்பந்துப் பாட்டு என்று பாடிக்கொண்டிருந்தது. ஆர்ச்சிபால்ட் டேவிஸன் என்ற ஆசிரியர் பொறுப்பேற்றுப் பலஸ்திரீனா, பாக் போன்ற பழைய மேதைகளின் இசையைப் பாடவைத்தார். பழைய மாணவர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை, எங்கள் ஜாலிப் பாட்டு எங்கே என்று கேட்டார்கள். எனக்கு டேவிஸனைத்தான் பிடிக்கும். மாணவன் சுமாராகத்தான் பாடுவான் என்று அவர் முடிவு கட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் குழு பிரான்சில் பாடியபோது இளம் இசையமைப்பாளர்கள் கவனித்தார்கள். தாரியுஸ் மீயோ வேதாகமத்துச் சங்கீதம் ஒன்றுக்கு ஆண் குரல்களுக்கென்றே இசை எழுதிக் கொடுத்தார். ஃபிரான்ஸிஸ் பூலாங்க் 1922இல், அப்போது அவருக்கு 23 வயது, ஒரு பழைய பிரெஞ்சுக் குடிப்பாட்டுக்கு இசையமைத்து இந்தக் குழுவுக்கே காணிக்கையாக்கினார். அவர் கோரஸுக்கு எழுதிய முதல் படைப்பு அது. 'எகிப்து, சிரியா மன்னர்கள் செத்த பிறகு கெட்டுப்போகாமல் இருக்க உடம்பைப் பதப்படுத்தச் சொன்னார்கள், என்ன பைத்தியக்காரத்தனம்! நாம் உயிரோடிருக்கும்போதே குடித்துப் பதப்படுவோம்' என்கிற ரீதியில் போகும் பாட்டு.

பாட்டு அமெரிக்கா வந்து சேர்ந்தது. ஆனால் அங்கே 1920 முதல் நாடு முழுக்க மதுவிலக்கு. மேடையில் நின்று மரியாதைக்குரிய கல்லூரிப் பையன்கள் 'குடிப்போம், குடிப்போம்' என்று பாடுவது எப்படி? மதுவிலக்கு நாட்களின் சங்கடம் நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாட்டு கிடப்பில் போடப்பட்டது. பூலாங்க் தாமே எழுதியதைத் தம் காதால் கேட்க 1950 வரை காத்திருந்தார். இன்றைக்கு உலகத்தில் ஆண்கள் குவயர் இருக்கிற இடமெல்லாம் அதைப் பாடுகிறார்கள். தள்ளாடுகிறமாதிரி குரல்கள் சறுக்கி இறங்கும் இடங்கள் உண்டு. அதைச் சுத்தமான சுருதியில் பாட நிதானம் நிறையவே வேண்டும்.

மார்ட்டின் லூதர் கிங் படித்த கல்லூரிக்கும் இப்படி ஒரு குழு இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.
– ஒரு வாசகி, திருச்சி

அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரி. கறுப்பின ஆண்களுக்கான கல்லூரி, இன்றும் அப்படித்தான். கிங் 1948இல் அங்கே பட்டம் வாங்கினார். குழு 1911இலிருந்து இருக்கிறது. 1968இல் கிங்கின் இறுதிச் சடங்கில் பாடியவர்கள் இவர்கள். 1972இல் ஆப்பிரிக்க நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தார்கள்.

இவர்கள் கச்சேரிகளில் தவறாமல் எதிர்பார்க்கப்படும் நைஜீரியாவின் யொரூபா மொழிக் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று உண்டு, 'பெத்லெஹெமு'. இயேசு எங்கே பிறந்தார், பெத்லகேமில், அந்த அதிசய ஊரில் என்று வரும். அது இந்தக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது ஆப்பிரிக்கப் பயணத்தில் இல்லை. 1950களில் நைஜீரியாவிலிருந்து படிக்க வந்து பிறகு டிரம் வாசிப்பில் உலகப் புகழ் பெற்ற பாபாதுண்டே ஒலதுஞ்சி மூலம் வந்தது. குழுவின் இயக்குநர் வெண்டல் வேலம் அதை ஆண் குரல்களுக்கு அமைத்தார். முரசு சேர்ந்ததும் வரிசையாக நிற்கும் பையன்கள் உடம்பை ஆட்டிக்கொண்டே பாடுவார்கள். கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நிற்பதே குவயர் ஒழுக்கம் என்று நினைக்கும் நம் மூத்த குவயர் மாஸ்டர்களுக்கு ஒரு தரம் காட்ட வேண்டும்.

தினமும் கச்சேரி என்றால் தொண்டை என்ன ஆகும்? தேன், இஞ்சி, பனங்கற்கண்டு, எது நல்லது?
– ஒரு வாசகர், காரைக்குடி

எது பிடிக்குமோ அதைச் சாப்பிடுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் நாம் விழுங்கும் எதுவும் நேரே குரல் நாண்மேல் படுவதில்லை. பட்டால் புரையேறிவிடும். தண்ணீர் உடம்புக்குள் போய்ச் சுற்றித்தான் அங்கே ஈரம் சேர்க்கும், அதனால் கச்சேரிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் மடக்மடக்கென்று குடித்துப் பயனில்லை, காலையிலிருந்தே குடிக்க வேண்டும்.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போய் விடியும்போது குரல் கட்டிக்கொண்டு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பனியைத் திட்டுவார்கள். பனி ஒரு பங்குதான். வேனில் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசி, அரட்டையடித்து, சிரித்துக் கொண்டே போனார்களே, அதுதான் பெரிய பங்கு. பல குழுக்களில் பஸ்ஸுக்குள் பேச்சைக் குறைக்கச் சொல்வார்கள். கிசுகிசுப்பதும் ஓய்வு இல்லை, பலருக்கு அதிலும் நாண் இறுகும். வாயை மூடித் தூங்குவதே மருந்து.

எங்கள் சபையில் பாடும் பையன்கள் பதினொரு பேர் இருக்கிறோம். நாங்களும் பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பாடலாமா?
– சில இளைஞர்கள், தூத்துக்குடி மாவட்டம்

தாராளமாகப் போங்கள். நாலு குரல் வேண்டாம். பதினொரு பேரில் உண்மையான முதல் டெனர் ஒருவன் இருந்தாலே அதிகம், அவனுக்குச் சளி பிடித்தால் கச்சேரியே படுத்துவிடும். மூன்று குரலாக வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிஷத்துக்கு மேல் பாடாதீர்கள், இரண்டு கீர்த்தனையாவது இருக்கட்டும், ஊர்க்காரர்கள் கூடச் சேர்ந்து பாடுவார்கள். சுருதிக்கு ஒரு பிட்ச் பைப் போதும், கீபோர்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். வேன்காரரிடம் காத்திருப்புக்கும் சேர்த்து மொத்தமாகப் பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.