வாசகர் கேள்வி – பதில்: குளோன் போரின் கதைமாந்தர்கள்

‘ஸ்டார் வார்ஸ்: தி குளோன் வார்ஸ்’ அனிமேஷன் தொடரைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். 2008 ஆகஸ்டில் ஒரு திரைப்படமாகத் தொடங்கி, அதே ஆண்டு அக்டோபரில் தொலைக்காட்சித் தொடராகி, இடையில் நிறுத்தப்பட்டு, 2020 மே மாதத்தில் 7ஆவது சீசனோடு நிறைவடைந்த தொடர் இது. 2002இலும் 2005இலும் வெளிவந்த இரு ஸ்டார் வார்ஸ் படங்களின் கதைகளுக்கு நடுவே நடக்கும் மூன்றாண்டுப் போர்தான் இதன் களம். ஒளிவாள் ஏந்தும் ஜெடாய்கள் தளபதிகள்; ஒரே மனிதனின் நகல்களாக உருவாக்கப்பட்ட குளோன்கள் அவர்களின் படைவீரர்கள். கதையின் முக்கியத் திருப்பங்கள் பதில்களில் வருவதால், இனிமேல்தான் தொடரைப் பார்க்கப் போகிறவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: தொடரை வெளிவந்த வரிசையில் பார்ப்பதா, கதை நடக்கும் வரிசையில் பார்ப்பதா?

பதில்: கதை நடக்கும் வரிசையில் பாருங்கள். முதல் மூன்று சீசன்களில் அத்தியாயங்கள் முன்னும் பின்னுமாகக் கிடக்கின்றன. 1ஆவது சீசனின் 16ஆவது அத்தியாயமும் 2ஆவது சீசனின் 16ஆவது அத்தியாயமும் தொடக்கப் படத்துக்கே முந்தியவை. 3ஆவது சீசனின் முதல் அத்தியாயம் 1ஆவது சீசனின் 5ஆவது அத்தியாயத்துக்கு முன்னால் நடப்பது. பயிற்சிக் களத்தில் தோற்றுத் தடுமாறும் ஐந்து குளோன் இளைஞர்களை முதலில் தெரிந்துகொண்டு, பிறகு அவர்களைத் தொலைதூரக் காவல் சாவடியில் சந்திக்கும்போது, அந்த 5ஆவது அத்தியாயத்தின் எடையே வேறாக இருக்கிறது. சரியான வரிசையைத் தயாரிப்பாளர்களே அதிகாரபூர்வமாக வெளியிட்டிருக்கிறார்கள்.

கேள்வி: 2005ஆம் ஆண்டுப் படத்தில் ஜெடாய் வீரர் அனாக்கினுக்கு ஒரு மாணவி இருந்ததாக ஒரு வார்த்தைகூட இல்லை. அப்படியிருக்க, மாணவி அசோகாவைத் தொடரின் நாயகிகளில் ஒருவராக வைத்தது கதைத் தொடர்ச்சியில் விழுந்த பெரிய ஓட்டை என்று நான் வாதிடுகிறேன். என் தோழி ஒத்துக்கொள்ள மறுக்கிறாள். உங்கள் தீர்ப்பு என்ன?

பதில்: உங்கள் தோழியின் பக்கம்தான் நிற்கிறேன். படம் வெளிவந்து மூன்றாண்டுகள் கழித்துத்தான் அசோகா திரைக்கு வந்தார் என்பதை எந்தக் கதையாலும் மாற்ற முடியாது. அவர் படத்தில் இல்லாததற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணம் வெளியிலிருந்து ஒட்டவைத்ததாக இல்லாமல் அவருடைய குணத்திலிருந்தே பிறக்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். போரில் மாண்டார் என்று முடித்திருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும்; கதாசிரியர்கள் அதைச் செய்யவில்லை.

அறிமுகமாகும்போது அசோகாவுக்கு 14 வயது; துடுக்கான பேச்சு, ஆணையை மீறும் அவசரம். 1ஆவது சீசனில் ரைலாத் கிரகத்தின்மேல் நடக்கும் விண்சண்டையில், பின்வாங்கச் சொல்லியும் கேளாமல் முன்னேறித் தன் படைப்பிரிவின் விமானிகளை இழக்கிறார். அன்று மனமுடைந்து நின்றவருக்கு அனாக்கின் கொடுத்தது தண்டனை அல்ல, அடுத்த தாக்குதலின் தலைமைப் பொறுப்பு. 3ஆவது சீசனில் வேட்டைக்காரர்களின் தீவில் ஆசிரியரும் வாளும் இல்லாமல், அங்கே சிக்கியிருந்த சிறு மாணவர்களைத் திரட்டி எதிர்த்து நிற்கிறார். 5ஆவது சீசனில் ஆண்டரான் கிளர்ச்சியாளர்களுக்குப் பயிற்சி தருகிறார். ஆணையை மீறிய சிறுமியின் அதே குணம், சீசனுக்குச் சீசன் பக்குவப்பட்டு, பிறர் சொல்வதைத் தானே எடைபோட்டுப் பார்க்கும் நிதானமாக மாறுவதைத் தொடர் பொறுமையாகக் காட்டியிருக்கிறது.

ஆகவேதான் 5ஆவது சீசனின் இறுதி இவ்வளவு பொருத்தமாக அமைகிறது. ஜெடாய் கோயிலில் குண்டு வெடித்த வழக்கில் பழி அசோகாமேல் விழ, ஜெடாய்களை ஆளும் சபை அவரைத் தன் அமைப்பிலிருந்து நீக்கி அரசின் விசாரணைக்கு ஒப்படைக்கிறது. குற்றமற்றவர் என்று நிரூபணமானதும் அதே சபை அவரைத் திரும்ப அழைக்கிறது. நடந்ததெல்லாம் உனக்கான பெரும் சோதனை என்று சபை உறுப்பினர் மேஸ் விண்டு சொல்கிறார். மாணவி என்பதற்கு அடையாளமான அசோகாவின் மணிச்சரத்தை அனாக்கின் உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறார். அசோகா அதை எடுத்துக்கொள்ளாமல், ஆசிரியரின் விரல்களை அதன்மேலேயே மடித்து மூடிவிட்டு வெளியே நடக்கிறார். படத்தில் அவர் இல்லாததற்கு இதைவிட நேர்மையான காரணம் இருக்க முடியாது.

7ஆவது சீசனின் கடைசி நான்கு அத்தியாயங்கள் ஒரு படி மேலே போகின்றன. அவை படத்தின் நிகழ்வுகள் நடக்கும் அதே நாட்களில் வேறிடத்தில் நடக்கின்றன. அனாக்கின் அரசின் தலைவரான சான்சலரிடம் செய்தி சொல்லப் போயிருக்கும் வேளையில், அசோகா ஹோலோகிராம் வழியே சபையோடு பேசுகிறார். மேஸ் விண்டு அவரைக் ‘குடிமகள்’ என்று அழைத்து, இது சபையின் விஷயம் என்று ஒதுக்குகிறார். அனாக்கின் தீமையின் பக்கம் சாய்வார் என்று எதிரி மால் சொன்ன எச்சரிக்கை அசோகாவின் நாவில் இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை. சபையின் மேல் போன நம்பிக்கையும் ஆசிரியர்மேல் போகாத நம்பிக்கையும் சேர்ந்து அவர் வாயை அடைத்துவிடுகின்றன. ஒரு பேரழிவைத் தடுத்திருக்கக்கூடிய கணம் அது. இந்தக் காட்சிக்குப் பிறகு பழைய படத்தைப் பார்த்தால், அசோகாவின் பெயர் வராத ஒவ்வோர் இடமும் என் மனத்தை உறுத்துகிறது.

கேள்வி: படங்களில் வரும் அனாக்கின் முகம் சுளித்துக்கொண்டே இருப்பவர். தொடரின் அனாக்கினோ சிரிக்கிறார், வீரர்களின் அன்பைப் பெறுகிறார். இருவரும் ஒரே ஆள் என்று எப்படி நம்புவது?

பதில்: தன் ஆசிரியரான ஓபி-வானின் நல்ல நண்பர், தேர்ந்த விமானி என்று பழைய படங்களில் அனாக்கினைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம், அந்த மனிதரைக் கண்முன் நிறுத்தியது இந்தத் தொடர்தான். அதே நேரத்தில் இருளையும் அது ஒளிக்கவில்லை. 2ஆவது சீசனில், அசோகாவின் உயிர் ஆபத்தில் இருக்கும்போது, கைதியான பாகிளின் கழுத்தை நெரித்து உண்மையைக் கறக்கிறார். 6ஆவது சீசனில் மனைவி பத்மேயின் வீட்டில் அவளுடைய பழைய நண்பர் க்ளோவிஸைக் கண்டதும், அவள் நிறுத்தச் சொல்லியும் கேளாமல் அடித்து நொறுக்குகிறார். இனிச் சந்திக்க வேண்டாம் என்று பத்மே சொல்லும் அளவுக்குப் போகிறது. யாரை நேசிக்கிறாரோ அவர்களுக்கு ஆபத்து அல்லது அவர்களை இழந்துவிடும் அச்சம் வரும்போதுதான் இந்த மனிதர் கட்டிழக்கிறார். படத்தில் அவர் வீழ்வதும் அதே அச்சத்தால்தானே!

எனக்குக் குறையாகப் படுவது மார்ட்டிஸ் என்ற மாய உலகில் நடக்கும் கதை. தான் டார்த் வேடர் என்ற வில்லனாக மாறப் போகிறோம் என்பதை அனாக்கின் அங்கே பார்த்துவிடுகிறார். பிறகு அந்த நினைவு அழிக்கப்படுகிறது. அத்தனை பெரிய அனுபவம் ஒரு மனிதனில் எந்தத் தடமும் விடாமல் போவது, கதைத் தொடர்ச்சியைக் காப்பாற்றக் குணவளர்ச்சியைப் பலிகொடுத்ததாகவே ஆகிறது.

கேள்வி: இத்தனை சீசன்களில் அனாக்கினும் எதிரிப்படைத் தளபதி கிரீவஸும் ஒருமுறைகூட நேருக்கு நேர் மோதவில்லையே, ஏன்?

பதில்: 2005ஆம் ஆண்டுப் படத்தில் கிரீவஸ், அனாக்கினை வயதில் இன்னும் மூத்தவராக எதிர்பார்த்ததாகச் சொல்கிறார், அனாக்கின் பதிலுக்கு அவருடைய உயரத்தைக் குறிப்பிடுகிறார். அது முதல் சந்திப்பாகவே ஒலிக்கிறது. அந்த ஒற்றை உரையாடலுக்காகவே தொடர் நெடுகிலும் இருவரையும் பிரித்தே வைத்திருந்தார்கள்.

கேள்வி: குளோன் வீரர்களின் மூளையில் ஒரு சிப் இருந்தது, அதனால்தான் ஜெடாய்களைக் கொல்லச் சொன்ன 66ஆம் ஆணையின்போது அவர்களைச் சுட்டார்கள் என்று 6ஆவது சீசன் சொல்கிறது. படத்தில் அவர்கள் வெறும் ஆணைக்குக் கீழ்ப்படிந்த வீரர்களாகத்தான் தெரிந்தார்கள். துரோகத்தின் கனத்தையே சிப் குறைத்துவிட்டது என்பது என் ஆதங்கம்.

பதில்: ரசிகர்கள் அதிகம் மோதிக்கொள்ளும் இடம் இதுதான்; உங்கள் ஆதங்கத்தில் நியாயமும் இருக்கிறது. நல்ல மனிதர்கள் ஆணைக்குக் கட்டுப்பட்டுக் கொடுமை செய்வது, சிப்பின் விசையால் செய்வதைவிட அச்சமூட்டும் கதை. தொடருக்கு முந்தைய நாவல்கள் அந்தப் பாதையில்தான் போயின; படை ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்த அவசரகால ஆணைகளுள் ஒன்றாகவே 66ஆம் ஆணை அவற்றில் வருகிறது.

ஆனால் தொடர் தானே வளர்த்த மனிதர்களை என்ன செய்வது? 4ஆவது சீசனின் உம்பாரா அத்தியாயங்களை நினைத்துப் பாருங்கள். ஜெடாய் தளபதி கிரெல், எதிரிகள் வேடமிட்டு வருகிறார்கள் என்று பொய் சொல்லித் தன் வீரர்களையே ஒருவரையொருவர் சுடவைக்கிறார். விழுந்தவனின் தலைக்கவசத்தைக் கழற்றிப் பார்க்கும் குளோன் கேப்டன் ரெக்ஸுக்குத் தன் சகோதரன் முகம் தெரிகிறது. பிறகு கிரெலைச் சிறைப்பிடித்து, துரோகி என்று உறுதியாகத் தெரிந்து, மண்டியிடவைத்து, முதுகுக்குப் பின்னால் துப்பாக்கியை நீட்டிய பிறகும் ரெக்ஸால் விசையை அழுத்த முடியவில்லை; வேறொரு வீரன்தான் சுடுகிறான். குற்றவாளியான ஜெடாயையே சுட முடியாத இந்த ரெக்ஸ், ஓர் ஆணை வந்தவுடன் தன் விருப்பத்தோடு அசோகாவைச் சுட்டிருந்தால், உம்பாரா அத்தியாயங்கள் அத்தனையும் பொய்யாகியிருக்கும். தன் மனிதர்களுக்கு உண்மையாக இருக்க வேண்டுமானால் தொடருக்கு ஏதோ ஒரு வெளிக்காரணம் தேவைப்பட்டது.

துரோகத்தின் கனம் குறைந்தது என்றும் நான் நினைக்கவில்லை. அது வேறு தோளுக்கு மாறியிருக்கிறது. ஃபைவ்ஸ் என்ற வீரன் சிப்பைக் கண்டுபிடித்துவிடுகிறான். உண்மையை அனாக்கினிடமும் ரெக்ஸிடமும் நேரிலேயே சொல்கிறான். பதற்றத்தில் தடுமாறும் அவன் பேச்சை அவர்கள் நம்பவில்லை, அவன் அங்கேயே சுடப்பட்டு இறக்கிறான். சபையின் கையில் துப்பு இருந்தது. தோண்டிப் பார்க்காமல் போரைத் தொடர்ந்தார்கள். இளம் வீரனாக இருந்தபோது அந்தக் காவல் சாவடியருகே சக வீரன் ஒருவனை விழுங்கிய விலாங்கின் உருவத்தைத் தன் தலைக்கவசத்தில் தீட்டிவைத்திருந்தவன் ஃபைவ்ஸ். நண்பர்களின் நினைவைத் தலையில் சுமந்து திரிந்த ஒருவனின் பேச்சை யாரும் நம்பாததே இந்தக் கதையின் துரோகம். 7ஆவது சீசனில் ஆணை வரும்போது, ரெக்ஸ் கை நடுங்க, கண் கலங்க, அசோகாவிடம் கடைசியாகச் சொல்ல முயல்வது ஃபைவ்ஸின் பெயரை. அந்தப் பெயரை வைத்துத்தான் அவர் ரெக்ஸைக் காப்பாற்றுகிறார்.

கேள்வி: 1999 படத்தில் இரண்டாக வெட்டுண்டு விழுந்த மாலை உயிரோடு கொண்டுவந்தது மலிவான உத்தி இல்லையா?

பதில்: 2012இல் அவர் திரும்பியபோது அப்படி நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது. வெறுப்பே ஒருவனை உயிரோடு வைத்திருந்தது என்ற விளக்கம் இன்றும் எனக்கு முழு நிறைவு தரவில்லை. ஆயினும், படத்தில் சில வரிகளே பேசிய ஓர் உருவம் இங்கே மனிதனாகிறது. ஓபி-வான் நேசித்த சாட்டீனைக் கொன்று அவரைப் பழிவாங்குகிறார். உடனே தன் பழைய குருவிடம் தம்பியைப் பறிகொடுக்கிறார். 2017இல் ‘ரெபல்ஸ்’ தொடரில் ஓபி-வானோடு அவர் மோதும் கடைசிச் சண்டை சில நொடிகளில் முடிகிறது. ஓபி-வானின் குரு குவை-கானைக் கொன்ற அதே வீச்சை மால் மறுபடி முயல்கிறார். ஓபி-வான் அதற்குத் தயாராக இருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் ஒருவர் மாறியிருக்கிறார், மற்றவர் மாறவே இல்லை என்பதை வசனமின்றி அந்த வீச்சே சொல்லிவிடுகிறது. அந்தச் சில நொடிகளுக்காக மாலின் மறுவருகையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

கேள்வி: கோயில் குண்டுவெடிப்பைச் செய்தவர் அசோகாவின் தோழி பாரிஸ் என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

பதில்: என்னாலும் முடியவில்லை. பழைய நாவல்களோடும் காமிக்ஸோடும் முரண்படுகிறது என்பதற்காக அல்ல. போர் ஜெடாய்களைக் கெடுத்துவிட்டது என்று நீதிமன்றத்தில் பாரிஸ் சொல்வது தொடரிலேயே மிகச் சரியான குற்றச்சாட்டு. ஆனால் 2ஆவது சீசனில் இடிபாடுகளுக்குள் அசோகாவோடு புதைந்து கிடந்த அந்த அமைதியான பெண்ணுக்கும், தோழியைப் பழியில் சிக்கவைக்கும் இந்தப் பெண்ணுக்கும் இடையே, அந்த மாற்றத்தைக் காட்டும் ஓர் அத்தியாயம்கூட இல்லை. மனமாற்றம் முழுவதும் திரைக்குப் பின்னால் நடந்து முடிந்துவிட்டது. 2024இல் வந்த ‘டேல்ஸ் ஆஃப் தி எம்பயர்’ அவருக்குப் பிந்தைய கதையை அக்கறையோடு தந்தது. முந்தைய பள்ளம் அப்படியே கிடக்கிறது.

கேள்வி: ‘ரெபல்ஸ்’ தொடரின் ஜெடாய் கேனனின் இளமைக் கதையை 2015 காமிக்ஸ் ஒரு விதமாகவும், 2021இல் வந்த ‘தி பேட் பேட்ச்’ வேறு விதமாகவும் சொல்கின்றன. எதை ஏற்பது?

பதில்: காமிக்ஸில் வீரர்கள் இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது 66ஆம் ஆணை வருகிறது, 2021 அத்தியாயத்தில் பனிக்காட்டில், பகல் வெளிச்சத்தில் வருகிறது. படம், தொடர், நாவல், காமிக்ஸ் அனைத்தும் இனி ஒரே கதையின் பகுதிகள் என்று 2014இல் அறிவித்தவர்கள் தயாரிப்பாளர்களே என்பதால், காமிக்ஸ் வாசகர்களின் கோபம் நியாயமானது. நடைமுறையில் திரையில் வந்ததே நிலைக்கும். ஆசிரியை ‘ஓடு’ என்று சொல்வதும், மாணவன் அவரை விட்டுவிட்டு ஓடியதை வாழ்நாள் முழுதும் சுமப்பதும் இரண்டிலும் உண்டு என்பதால் கேனனின் குணத்தில் முரண் எதுவும் விழவில்லை. காமிக்ஸை இன்னும் படிக்காதவர்கள் இப்போதும் படிக்கலாம். ஆசிரியை டெபா பில்லாபாவுக்கும் அந்தச் சிறுவனுக்கும் இருந்த பாசம் விரிவாக எழுதப்பட்டிருப்பது அங்கேதான்.