வாடகை நின்றுபோனால்: பூட்டைத் தொடாதீர்கள்

கே: மாடி போர்ஷனில் இருப்பவர் நாலு மாதமாக வாடகை தரவில்லை. மோட்டாரை நிறுத்தினால் தானாகக் காலி செய்துவிடுவார் என்கிறார் என் மைத்துனர். செய்யலாமா? (சேலம் வாசகி)

மைத்துனர் பேச்சைக் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டப்படி, பாக்கி எவ்வளவு இருந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த உங்களுக்கு உரிமை கிடையாது. அவர் வாடகை அதிகாரியிடம் ஒரு மனு கொடுத்தால் போதும், பாக்கி வைத்தவர் புகார்தாரர் ஆகிவிடுவார், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். பூட்டுப் போட்டுச் சாமானை வெளியே வைப்பது இன்னும் மோசம். ஆறு மாதத்துக்குள் அவர் வழக்குப் போட்டால் சாவி திரும்ப அவர் கைக்கே போகலாம். வீடு யாருடையது என்பதை அந்த வழக்கில் கோர்ட் பார்க்கவே பார்க்காது.

சரி, என்னதான் செய்வது? இரண்டு மாத வாடகை நின்றாலே நோட்டீஸ் அனுப்பலாம். எந்தெந்த மாதம், எவ்வளவு, மின்கட்டணம் தனியாக எவ்வளவு என்று கணக்கோடு எழுதுங்கள். நோட்டீஸ் கைக்குப் போய் ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுதும் கட்டிவிட்டால், பாக்கியைக் காட்டி அவரை வெளியேற்ற முடியாது. கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒருமுறை இப்படித் தப்பித்தவர், அதற்கப்புறம் ஒரே வருடத்தில் தொடர்ந்து இரண்டு மாதம் பாக்கி வைத்தால் மறுபடி அந்தச் சலுகை கிடையாது.

கே: தபால்காரர் வந்தால் கதவையே திறப்பதில்லை.

எல்லோரும் செய்கிற வித்தைதான். வாங்க மறுத்ததாகத் திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள், அதுதான் சாட்சி. வீட்டில் இருக்கும் குடும்பத்தாரிடம் நேரில் கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால், கண்ணில் படும்படி வாசற்கதவில் ஒட்டிப் படமெடுத்து வையுங்கள்.

கே: எழுத்தில் ஒப்பந்தமே இல்லை. பழக்கத்தில் விட்ட வீடு. (மதுரை)

வருகிற கேள்விகளில் பாதி இதுதான்! எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது இப்போது சட்டம். ஆனாலும் பயப்பட வேண்டாம். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி, வீட்டைத் திரும்பக் கேட்டு வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடலாம். வாடகை வந்த வங்கிக் கணக்கு வரவுகளையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள்.

கே: போலீசில் சொன்னால் காலி செய்ய வைப்பார்களா?

மாட்டார்கள். சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள்.

கே: பாக்கியோடு காலி செய்து போய்விட்டார். அட்வான்ஸ் போதவில்லை.

அட்வான்ஸில் கழித்துக்கொண்டு மீதிக்குப் பணவழக்குப் போடலாம். கெடு மூன்று வருடம், அதுவும் ஒவ்வொரு மாத வாடகைக்கும் தனித்தனியாக ஓடும். ஊர் மாறிப் போகுமுன் புது முகவரியை வாங்கி வைத்தீர்களா?