வியர்வைச் சுரப்பிப் புற்றுநோய்க்கு ஹார்மோன் மாத்திரை: கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. இமைக் கட்டியின் பயாப்ஸியில் வியர்வைச் சுரப்பிப் புற்று, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. தமாக்சிபென் தரலாமா டாக்டர்?

பதில்: முதலில் மார்பகத்தைப் பாருங்கள். மார்பகப் புற்று தோலுக்குப் பரவினாலும் நுண்ணோக்கியில் இப்படியே தெரியலாம். மேமோகிராம் எடுத்தாக வேண்டும். பரவல் இல்லையென்றால் விளிம்பில் புற்றுச் செல் இல்லாமல் சுத்தமாக வரும்வரை வெட்டி எடுப்பதுதான் சிகிச்சை. மாத்திரை அதற்கு மாற்று ஆகாது.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போய் ஒட்டும் இடம்தான் ஏற்பி. அதைத் தமாக்சிபென் அடைத்துக்கொள்கிறது. மார்பகப் புற்றுக்கு 1970களிலிருந்தே பயன்படுகிறது. இந்த அரிய புற்றில் நம்மிடம் இருப்பவை தனித்தனி நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகள்தான். பரவிய நிலையில் சிலருக்குக் கட்டி சுருங்கியிருக்கிறது. அதனால் பரவியவர்களுக்கும், வெட்ட முடியாதவர்களுக்கும் முயன்று பார்ப்பதில் நியாயம் உண்டு.

கேள்வி: லெட்ரோசோல் நல்லதா?

பதில்: அது உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைக்கும் மாத்திரை. மாதவிடாய் நின்றவர்களுக்குப் பொருந்தும். நிற்காதவர்களுக்குச் சூலகத்தையும் அடக்காமல் தனியாகத் தரக்கூடாது. எலும்பு தேயும், கவனம்.

கேள்வி: உள்ளங்கை அதிகம் வியர்க்கிறது. புற்றாக இருக்குமா?

பதில்: அது வேறு விஷயம். தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஏற்பி பாசிட்டிவ் என்றாலே மார்பகத்திலிருந்து வந்ததுதானே? ஏன் குழப்புகிறீர்கள்?

பதில்: இல்லை. மார்பகமே உருமாறிய வியர்வைச் சுரப்பிதான். ஒரே வம்சம் என்பதால் இரண்டிலும் அதே ஏற்பி இருக்கலாம். அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி (அதே நண்பர்): அப்போது பி63 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் போட்டால் தெரிந்துவிடுமே, மேமோகிராம் எதற்கு?

பதில்: கட்டியின் ஓரத்தில் பி63 ஏற்கும் செல் வரிசை மிஞ்சியிருந்தால், தோலிலேயே பிறந்தது என்று சொல்லலாம். சரி, வரிசை இல்லையென்றால்? தோலில் பிறந்து, அதை அழித்துக்கொண்டு பரவிய புற்றிலும் இருக்காது. அதனால்தான் மேமோகிராமை விடமாட்டேன் என்கிறேன்.

கேள்வி: எனக்கும் ஏற்பி பாசிட்டிவ். மாத்திரை எழுதித் தருவீர்களா?

பதில்: இதே கேள்வி மறுபடியும் வருகிறது. முதல் பதிலைப் படியுங்கள். மார்பகம் பார்த்தாயிற்றா?

கேள்வி: தமாக்சிபென் சாப்பிடுகிறேன். மனச்சோர்வுக்குப் பராக்ஸெட்டின் எழுதியிருக்கிறார்கள்.

பதில்: இன்றே இரண்டு மருத்துவர்களிடமும் சொல்லுங்கள். தமாக்சிபெனை வீரியமுள்ளதாக மாற்றும் கல்லீரல் நொதியைப் பராக்ஸெட்டின் முடக்கும். ஃபுளுவாக்ஸெட்டினும் அப்படித்தான். நீங்களாக எதையும் சட்டென்று நிறுத்த வேண்டாம். அப்புறம், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலோ காத்திருக்காதீர்கள். ரத்தக்கட்டும் கருப்பை உட்சுவர்ப் புற்றும் தமாக்சிபெனின் அறிந்த ஆபத்துகள்.