மகன் வீடியோ எடிட்டிங்லயே கிடக்கிறான்னு பயப்படுற அம்மாவுக்கு

அக்கா, ஓ.எல் எழுதின மகன் ராத்திரி பகலா லெப்டொப் முன்னாடி பழைய கல்யாண கெசட்டுகள வச்சிக்கிட்டு இருக்கான், இதெல்லாம் சோறு போடுமான்னு கேட்டிருந்தீங்க. போடும். ஆனா அவன் பொழுது போக்குறானா தொழில் கத்துக்கிறானான்னு நீங்களே கண்டுபிடிக்கலாம், அதுக்கு கொம்பியூட்டர் தெரியணும்னு இல்ல.

ஒரு கேள்வி கேளுங்க. கெசட்ட கொம்பியூட்டருக்கு ஏத்தி முடிச்சா ஆரம்பத்துல எல்லாம் சரியா இருக்கு, தாலி கட்டுற நேரம் மேளம் அடிக்கிற கை முன்னாடி போகுது சத்தம் பின்னாடி வருது, ஏன்? "சத்தத்த கொஞ்சம் தள்ளி வச்சா சரி"ன்னு மட்டும் சொன்னான்னா இன்னும் படிக்கணும். மொதல்ல இருந்தே ஒரே அளவு பிந்தினாத்தான் அது மருந்து. போகப்போக கூடுச்சுன்னா வேற வியாதி. நம்ம நாட்டு கெசட்ல செக்கனுக்கு 25 பிரேம், அதாவது 25 தனித்தனி படம், ஏத்தும்போது மெஷின் திணறி 25 பிரேம விட்டுட்டா படத்துல ஒரு செக்கன் காணாம போயிரும் ஆனா சத்தம் முழுசா இருக்கும். இல்லன்னா 48,000 ஹெர்ட்ஸ்ல (செக்கனுக்கு அத்தன தடவ அளந்து) பதிஞ்ச சத்தத்த 44,100ன்னு தப்பா வாசிச்சிருக்கும், அப்ப ஒரு மணித்தியால சத்தம் 65 நிமிஷத்துக்கு இழுபடும், குரலும் தடிச்சு கேக்கும். போன்ல எடுத்த வீடியோன்னா செக்கனுக்கு எத்தன பிரேம்ங்கிற ரேட்டே ஒரு நிலையா இருக்காது, அத ஹேண்ட்பிரேக்ங்கிற சொப்ட்வெயார்ல ஒரே ரேட்டுக்கு மாத்திட்டுத்தான் எடிட்டிங்குக்கு எடுக்கணும். இத பிரிச்சு சொல்றவனுக்கு வேல இருக்கு அக்கா.

எம்பி4ங்கிற வீடியோ ஃபைல் வெறும் பெட்டி, உள்ள படத்த சுருக்கி வைக்கிறது எச்.264 மாதிரி கோடெக், இதுவும் அவனுக்கு தெளிவா இருக்கணும். சுருக்கினதையே திரும்ப திரும்ப சுருக்கினா படம் கெட்டுரும்.

நம்ம மலைநாட்டு ஈரத்துல, அலுமாரியில கிடக்கிற கெசட் நாடாவுல வெள்ளையா பூஞ்சணம் புடிச்சிரும். அத அப்படியே டெக்ல போட்டா நாடாவ வாசிக்கிற ஹெட்டும் நாசம் அடுத்த கெசட்டும் நாசம். புது வி.சி.ஆர், அதான் கெசட் ஓட்டுற டெக், செய்றதையும் 2016ல நிப்பாட்டிட்டாங்க, அதனால இருக்கிற ஒரு மெஷின அவன் கண்ணு மாதிரி பாத்துக்கணும். ஹட்டன், பண்டாரவளை பக்கம் எத்தன வீட்டுல செத்துப்போன தாத்தா பாட்டியோட குரல் அந்த நாடாவுல மட்டும்தான் இருக்கு, யோசிச்சு பாருங்க.

கையில தொழில் இருந்தாலும் பேப்பரும் வேணும். என்.வி.கியூங்கிற தேசிய தொழில் தகைமை சான்றிதழ லெவல் 4 வரைக்கும் எடுக்கட்டும், அங்க இருந்து 5, 6 டிப்ளோமா, 7 டிகிரின்னு ஏறலாம். வேல செஞ்ச அனுபவத்த காட்டியே மதிப்பீட்டுக்கு போகவும் வழி இருக்கு, அரசாங்க தொழிற்பயிற்சி நிறுவனங்களான வி.டி.ஏ இல்லன்னா நைட்டா ஒபீஸ்ல கேளுங்க. தனியார் கிளாஸ்னா தொழிற்கல்விய கவனிக்கிற அரசாங்க ஆணைக்குழுவான டி.வி.ஈ.சியில பதிவு இருக்கான்னு பாக்காம காசு கட்டாதீங்க.

நகைய அடகு வச்சு கெமரா மட்டும் வாங்கி குடுக்க வேணாம். படத்த எடிட் பண்ற டாவின்சி ரிசோல்வ், சத்தத்த எடிட் பண்ற ஒடாசிட்டி ரெண்டு சொப்ட்வெயாரும் இலவசமாவே கிடைக்குது. வாங்குறதுன்னா ரெண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்க, ஒரு மணித்தியால மினி DVங்கிற சின்ன டிஜிட்டல் வீடியோ கெசட்டே 13 ஜிபி வரைக்கும் புடிக்கும், ஆளுங்க நம்பி குடுக்கிறத ஒரே டிஸ்க்ல வைக்கக் கூடாது.